சத்தியத்தில் பீன்ஸ் இல்லை

பங்குனி மாசத்தில் எவளாவது உறைபனியை எதிர்பார்ப்பாளா? பின்கதவைத் திறந்த நாகரத்தினத்துக்கு முதலில் அது பனி என்றே தோன்றவில்லை, யாரோ கோலமாவு மூட்டையைக் கொண்டுவந்து தன் தோட்டத்தின்மேல் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எவனோ குடிகாரன் வேலை என்று ஒரு கணம் கோபம்தான் வந்தது, அப்புறம் மூக்கு நுனி எரிந்தது, காது விறைத்தது, ஐயோ என்று வாய் தானாகச் சொன்னது, கால் செருப்பைத் தேடாமலே படியிறங்கிவிட்டது. பீன்ஸ் கொடி வெள்ளை, பட்டாணி வெள்ளை, உருளைக்கிழங்கு இலை வெள்ளை, வேலியோரத்துப் புதினா வெள்ளை, துணி துவைக்கிற கல்லும் வெள்ளை. மார்கழியில் விழட்டும், தையில் விழட்டும், அது அதற்கு உரிமைப்பட்ட மாசம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அப்போதெல்லாம் பெரணித் தழையை வெட்டிவந்து சாயங்காலம் பாத்தி பாத்தியாகப் போர்த்தி, காலையில் எடுத்து, மறுபடி போர்த்தி, பச்சைப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாளே. சிவராத்திரி கழிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது, இனி எங்கே பனி என்று அத்தனை தழையையும் வாரி எருக்குழியில் போட்டுவிட்டாள். அவள் மட்டுமா போட்டாள், பள்ளத்தாக்கில் இருக்கிற அத்தனை பொம்பளைகளும்தான் போட்டார்கள், சிவராத்திரி முடிந்தால் தழை எருக்குழிக்கு, அதுதான் இந்த மலையில் வழக்கம். வழக்கம் தெரியாத சனியன் பிடித்த பனி இது. நின்று திட்ட நேரமில்லை, கழுவணும், சூரியன் வருவதற்குள் கழுவிவிடணும். பனி விழுந்ததால் செடி சாவதில்லை, பனியோடு இருக்கிற இலைமேல் வெயில் பட்டால்தான் சாகும், வெந்துபோகும். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள், குளிரில் எப்படிங்க வேகும் என்று. வேகும், கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்த மாதிரி கறுத்துத் தொங்கும். எதிர்மலையில் கற்பூர மரங்களின் உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தேயிலையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, இந்தப் பக்கம் ஏறிவந்து அவள் வேலியைத் தொடும். அதற்குள் முடித்தாகணும்.

டிரம்மில் தண்ணீருக்குமேல் ஏடு கட்டியிருந்தது. மக்கால் குத்தினாள், உடைந்தது, உள்ளே கைவிட்டதும் எலும்புவரை கடித்தது. கடி, கடி, நன்றாகக் கடி. பூவாளியை நிரப்பினாள். எங்கிருந்து ஆரம்பிக்கிறது? பீன்ஸிலிருந்துதான், வேறு எங்கிருந்து? பட்டாணி போனால் போகட்டும், உருளைக்கிழங்கு மண்ணுக்குள் கொஞ்சமாவது தப்பிக்கும், கேரட் இன்னும் நூல் மாதிரிதான் இருக்கிறது, அது கிடக்கட்டும், பட்டர் பீன்ஸ் போகக்கூடாது. அதை இந்துமதி கேட்டிருக்கிறாள். கேட்டது வாயால் இல்லை, மகளும் தாயும் வாயால் பேசித்தான் நாளாயிற்றே, கேரட் வண்டி ஓட்டுகிற போஜன்தான் வந்து சொன்னான், கீழே மேட்டுப்பாளையத்தில் இந்து பாப்பாவுக்கு மசக்கையாம், எதைத் தின்றாலும் வெளியே வந்துவிடுகிறதாம், உங்கள் தோட்டத்துப் பட்டர் பீன்ஸ் போட்ட குழம்பு மட்டும்தான் வயிற்றில் நிற்கும் என்கிறதாம். நல்ல வாந்திதான் போ, அம்மா வீட்டுப் பீன்ஸ் என்றால் அதற்கு அடையாளம் தெரிகிறதோ? சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள் அன்றைக்கு, போய் அடுப்படியில் நின்று அழுதாள். அதற்கப்புறம் இருக்கிற இடத்தில் பாதிக்குமேல் பீன்ஸ்தான், நட்டாள், குச்சி ஊன்றினாள், கொடியைக் கயிற்றில் ஏற்றினாள், காய்க்கத் தொடங்கியதிலிருந்து போஜன் வண்டி கீழே போகும்போதெல்லாம் ஒரு பை போனது. ஏழாம் மாசம் இப்போது. தாய்வீட்டு வளையல் ஏறாத கை. மாமியார்க்காரி நல்ல மனுஷி, தானே நாலு வளையலை வாங்கிப் போட்டுவிட்டாளாம், அதையும் போஜன்தான் சொன்னான், அவன் நன்றாக இருக்கணும். கொடியின் அடியிலிருந்து மேலே, மேலேயிருந்து அடிக்கு, தண்ணீர் விழுந்த இடமெல்லாம் வெள்ளை கரைந்து பச்சை வந்தது, வந்துடு கண்ணு, வந்துடு, உன்னை யாரு இந்த நேரத்துல தூங்கச் சொன்னது.

சத்தியத்தில் பீன்ஸ் இல்லை. இதை எத்தனை தடவை தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாளோ, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். மகள் வேறு சாதிப் பையனைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள் என்று தெரிந்த அன்றைக்கு, நாகரத்தினத்தின் புருஷன் ஆறுச்சாமி கத்தவில்லை, அடிக்கவில்லை, கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவளைக் கூப்பிட்டு, இவள் வலதுகையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார். சொல்லு என்றார். அவள் வாசப்படியை மிதிக்க மாட்டேன், சொன்னாள். நேரிலோ போனிலோ அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன், சொன்னாள். உங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பருக்கை அவளுக்குக் கொடுக்க மாட்டேன், அதையும் சொன்னாள். தலை சுட்டது, காய்ச்சல் தலை மாதிரி, மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் அவளும் சொல்லித் தொலைத்தாள். புருஷன் தலையில் கைவைத்துச் சொன்னதை மீறினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான், அந்தத் தலை சாய்ந்துவிடும், கழுத்தில் கிடப்பது இறங்கிவிடும். சரி. மூன்று வாக்கு. அரிசி களைகிறபோதும் துணி பிழிகிறபோதும் அந்த மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், எங்கேயாவது கை நுழைகிற சந்து இருக்கிறதா என்று. இருந்தது. இந்தத் தோட்டத்தை அவள் கொத்தினாள், சாணி அவள் அள்ளினாள், விதையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினாள், மழைத்தண்ணீரைக் கடவுள் கொடுத்தார், இதில் ஆறுச்சாமி சம்பாத்தியம் எங்கே வந்தது? டீ பேக்டரியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன் ஒரு நாள் மண்வெட்டியைத் தொட்டிருப்பாரா இங்கே? அவருக்கு வாசல் படியில் அடுக்கி வைத்திருக்கிற பூந்தொட்டிகள் போதும், அவற்றுக்குத்தான் காலையும் மாலையும் சேவகம். பை கீழே போவது அவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி, வண்டி ஹாரன் கேட்டால் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அதுவும் அவருடைய ஒரு நல்ல குணம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டிரம் காலியாகிவிட்டது, பீன்ஸ் இன்னும் பாதி நிற்கிறது. விரல் பத்தும் யாருடைய விரலோ மாதிரி இருந்தன. வாயில் வைத்து ஊதினாள். இந்துமதி பிறந்தது இதைவிடக் குளிரில், ஆனால் தையில், ஒழுங்கான மாசத்தில். நீலமாகப் பிறந்தாள், நர்ஸம்மா கம்பளியில் சுற்றித் தேய் தேய் என்று தேய்த்த பிறகுதான் குரல் வந்தது. மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், போன வாரம் போஜன் சொன்னான், சும்மாதான் அக்கா, எல்லாருக்கும் வீங்குமாமே என்று தானே சமாதானமும் சொன்னான். எல்லாருக்கும் வீங்காது. ஏழாம் மாசத்தில் வீங்கினால் ரத்தக்கொதிப்பு இருக்கும், கண் இருட்டும், அவள் சின்னம்மா மகள் அப்படித்தான் போனாள், வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம் மனசே, தண்ணீர் எடு. காலைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா இல்லையா என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும், அதைப் போஜனிடம் சொல்லி அனுப்ப முடியுமா? பை திரும்பி வரும், துவைத்து, நாலாக மடித்து, அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே மடித்து. ஒரு நாள் அந்த வெறும் பையை முகத்தில் வைத்துக்கொண்டு இந்து என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான், அன்று மாலையே ஆறுச்சாமிக்குக் காய்ச்சல். பையோடு பேசியது மகளோடு பேசியதில் சேருமா? கஷாயம் வைத்துக் கொடுத்து, நெற்றியில் துணி போட்டு, மாரியம்மனுக்கு மஞ்சள்துணியில் காசு முடிந்து வைத்து, விடிய விடிய அந்தத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் பையை முகத்தில் வைத்துக்கொள்வாள், வாயைத் திறக்க மாட்டாள்.

முன்பக்கத் தொட்டியில் தண்ணீர் இருக்கும் என்று வீட்டைச் சுற்றி ஓடினாள். எதிர்மலையில் வெளிச்சம் பாதித் தேயிலைக்கு வந்துவிட்டது, இன்றைக்கென்று இத்தனை அவசரம் அதற்கு. தொட்டியில் பூவாளியை முக்கும்போது ஏதோ உறுத்தியது, வாய்க்குள் பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி ஏதோ ஒன்று இல்லை, என்ன இல்லை, என்ன இல்லை? படி. வாசல் படி வெறிச்சென்று இருந்தது. ஜெரேனியம் இல்லை, பெகோனியா இல்லை, எதிர்வெயில் ஆகாதென்று மாற்றி மாற்றி வைக்கிற அந்தச் சீக்காளிச் செடிகூட இல்லை. திருட்டா? இந்தப் பள்ளத்தாக்கில் பூந்தொட்டியை எவன் திருடுவான்? விறகுக் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அத்தனை தொட்டியும் உள்ளே வரிசையாக, சுவரோரம், ஒவ்வொன்றின் தலையிலும் சாக்கு. சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்புப் பூ, குளிர் தெரியாத சிவப்பு. நேற்றுப் பொழுது சாயும்போது ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டதே, வாசலைப் பெருக்குகிறார் என்றல்லவா நினைத்தாள், உள்ளே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே, பரவாயில்லையே மனுஷன் துடைப்பம் எடுத்துவிட்டாரே என்று. அதற்கும் முன்னால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றதும் ஞாபகம் வந்தது, வெகுநேரம் நின்றார். ஆயுசு முழுக்க ராத்திரிக் காவல் இருந்த மனுஷனுக்கு வானம் தெரியும். அப்படியானால் தெரிந்திருக்கிறது. தெரிந்து, தொட்டிகளை உள்ளே வைத்து, சாக்கைப் போர்த்தி, கைகழுவி வந்து உட்கார்ந்து, அவள் போட்ட பீன்ஸ் பொரியலைத் தின்று, உப்பு கம்மி என்றார். அது ஒன்றுதான் சொன்னார். மறந்திருப்பாரோ? வயசாகிறது, மறதி வரும்தானே, தோட்டம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகத்தில் இருக்காதோ என்னமோ. ஆனால் தொட்டியை மறக்கவில்லையே. ஒன்றைக்கூட மறக்கவில்லையே. எருக்குழியில் தழை அப்படியேதான் கிடக்கிறது, ஒரு வார்த்தை, ரத்தினம் பனி விழும்போல இருக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருட்டுவதற்குள் போர்த்தியிருப்பாள், புடவைகளைப் போட்டாவது போர்த்தியிருப்பாள். சொல்லவில்லை. மறதியாகத்தான் இருக்கும். இல்லை. இருக்கும். இல்லை. கையிலிருந்த பூவாளி சாய்ந்து அவள் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

திரும்பி ஓடினாள். கோபத்தில் கை வேகமாக ஓடியது என்று சொன்னால் பொய், தண்ணீர் பாதி வெளியே சிந்தியது, முன்னும் பின்னுமாக ஓடி ஓடி ஊற்றினாள். கடைசி வரிசைக்கு அவள் போவதற்குள் வெயில் வந்து வேலியில் உட்கார்ந்துகொண்டது. அழகான வெயில், யாரும் குறை சொல்ல முடியாத மஞ்சள் வெயில். கழுவாத வரிசைதானே போகும் என்று நினைத்தாள். கழுவியதும் போயிற்று. பங்குனிப் பனிக்கு அந்தச் சட்டமும் தெரியவில்லை, இலைக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருக்கிறது, இவள் வெறும் தோலைக் கழுவியிருக்கிறாள். கண்ணெதிரே பச்சை கண்ணாடியாகி, கண்ணாடி கறுப்பாகி, கொடி முழுக்கத் தொங்கிப்போனது. பூ தொங்கியது. இன்றைக்குப் பறித்து அனுப்ப வைத்திருந்த காய்களை அமுக்கிப் பார்த்தாள், விரலுக்குக் கீழே கொழகொழவென்று நசுங்கி, பச்சைத்தண்ணீர் வழிந்தது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நல்லதாக ஒரு பிடி தேறாதா, ஒரு குழம்புக்கு, அரைக் குழம்புக்கு? தேறவில்லை. அவளுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது இந்தக் கொடிதான், வேறு ஒன்றும் இல்லை, அது இப்போது கயிற்றில் கந்தல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இனி விதைத்து, முளைத்து, காய்க்கிறபோது குழந்தை பிறந்தே இருக்கும்.

ஆறுச்சாமி பின்வாசலில் வந்து நின்றார். குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர், கையில் டீ, தானே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தோட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், சுமை இறக்கின கழுத்து மாதிரி ஒரு இளைப்பாறல்தான் இருந்தது.

“விடு ரத்தினம்,” என்றார். “நம்மால முடிக்க முடியாததை மேல இருக்கறவனே முடிச்சு வெச்சுட்டான்.”

அவள் நசுங்கின காயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “நேத்துப் பொழுதோடவே தெரியுமுங்களா?”

“வானம் தெளிவா இருந்துச்சு. காத்து நின்னுபோச்சு. பாத்தா யாருக்கும் தெரியும்.”

“எனக்குத் தெரியலீங்க.”

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். “நீ கேக்கலையே.”

கேட்கவில்லைதான். அந்தத் தலையைப் பார்த்தாள். குல்லாவுக்குள் பத்திரமாக, சூடாக, காது மறைத்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தலைக்கு அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள். தும்மினால் பயம், தலைவலி என்றால் பயம், தூக்கத்தில் மூச்சு ஒரு கணம் நின்று வந்தால் பயம், நான் மனசுக்குள் மகளோடு பேசியது கணக்கில் விழுந்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்து. எண்ணெய் தேய்த்துவிடும்போது உச்சியில் கைபட்டால் அந்தச் சத்தியம் உள்ளங்கையில் சுடும். அவள் இப்படி அந்தத் தலையைக் காத்துக்கொண்டிருக்க, அந்தத் தலை என்ன செய்துகொண்டிருந்தது? வானத்தைப் பார்த்தது, பனி விழும் என்று தெரிந்துகொண்டது, வாயைச் சாத்திக்கொண்டது. பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் நிற்கிற ஒரே குழம்பு அது என்று தெரியாதா? தெரிந்திருக்கும், ரேடியோவைச் சத்தமாக வைத்தாலும் போஜன் குரல் கேட்காமலா இருக்கும். இத்தனை நாளும் அவள் சத்தியத்தை மீறவில்லை, ஒரு எழுத்து மீறவில்லை, சந்து பார்த்துத்தான் நடந்தாள், அந்தச் சந்தையும் அடைக்கப் பார்த்தால்? அடைத்தால் அடைபட்டுக் கிடப்பாள் என்று நினைத்தாரா? அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பீன்ஸ் இருந்தவரைக்கும் மகளுக்குப் பீன்ஸ் போயிற்று. இப்போது பீன்ஸ் இல்லை. அனுப்புவதற்கு இனி இந்த வீட்டில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது?

வளைவில் போஜன் வண்டி ஹாரன் அடித்தது. ஆறுச்சாமி வழக்கம்போல உள்ளே திரும்பினார், ரேடியோவுக்கு. அவள் காயை மண்ணில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள், படியேறி, அவரைத் தாண்டி, துணிக்கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்தி, செருப்பை மாட்டினாள். முன்வாசலைத் திறந்தபோதுதான் அவர் புரிந்துகொண்டார். எங்கே என்று கேட்டார். மேட்டுப்பாளையம் என்றாள். ரேடியோ பக்கம் போன கை அப்படியே நின்றது.

“என் தலைமேல கை வெச்சுச் சொல்லியிருக்க,” என்றார். நின்ற கை குல்லாவைத் தடவிக்கொண்டது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு, இல்லை என்று சொல்லமுடியாது.

“சொன்னேனுங்க. தொட்டிக்குச் சாக்குப் போர்த்தத் தெரிஞ்ச தலைதானுங்களே, அதுக்குத் தன்னைப் பாத்துக்கவும் தெரியும்.”

இறங்கி நடந்தாள். புடவைக் கரை முழங்கால்வரை நனைந்து ஒட்டியது, நகக்கண்ணெல்லாம் மண். மாசமாக இருக்கிற பெண்ணைப் பார்க்க வெறுங்கையோடு போகிற தாயை எங்கேயாவது கண்டதுண்டா, ஒரு பூ இல்லை, பழம் இல்லை, கட்டுச்சோறு இல்லை, வளையல் இல்லை. இல்லாவிட்டால் இல்லை. காலை அமுக்கிப் பார்க்க வெறுங்கைதான் வேண்டும். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, முதுகு முழுக்கப் பயம், திரும்பிப் பார்த்தால் வாசலில் அந்தத் தலை நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்துவிட்டதா என்று தெரிந்துவிடும், திரும்பு திரும்பு என்று பிடரி இழுத்தது. சாய்ந்தால் சாயட்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சாயாது என்று மட்டும் சொல்லிக்கொண்டாள், சாயாது, சாயாது, கருங்கல்லு அது, சாயாது. வெயில் ரோட்டுக்கு வந்துவிட்டது, பனி உருகித் தார் கறுப்பாகப் பளபளத்தது. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. போஜன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான் பைக்கு, நீட்டின கை அந்தரத்தில் நின்றது, அவளுடைய ஈரப் புடவையைப் பார்த்தான், வெறுங்கையைப் பார்த்தான்.

“காய் இல்லீங்களாக்கா?”

“பனி தின்னுருச்சு போஜா,” என்று சொல்லி அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். “இனி நாந்தான் போகோணும். கதவைத் திற.”